மோதிரத்தை நிறைக்காத நிலா

முன்னொரு காலத்தில், ராசா நினைத்ததெல்லாம் சட்டமாகிவிடும் ஒரு நாட்டை உக்கிரசேனர் ஆண்டுவந்தார். தைப் பௌர்ணமியன்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மேல்மாடக் கம்பம் ஒன்றில் தம் மோதிரத்தைப் பதித்து, நாலு முழம் தள்ளி ஒரு கல்லில் ஏறி நின்று அதற்குள் பார்த்தார். நிலா மோதிரத்தை விளிம்புவரை நிறைத்தது. "இப்படி நிறைந்தால்தான் இனிப் பௌர்ணமி விரதத்தை முடிப்பேன்!" என்று சபதம் செய்துவிட்டுப் போருக்குப் போனார். போர்க்களத்தில் விரதம் கிடையாது.

ஆவணியில் வெற்றியோடு திரும்பினார். பௌர்ணமி மாலை கல்லில் ஏறிப் பார்த்தால், அட கடவுளே, நிலாவைச் சுற்றி இடைவெளி! ராசா சாப்பிடாமல் அரண்மனையில் யாரும் சாப்பிட முடியாது.

விகடகவி சாத்தப்பனைக் கண்டாலே அமைச்சர் மழவராயருக்கு வயிற்றெரிச்சல். "மகாராசா, இவன் நிலாவைக் கேலி செய்து பாடினான். அந்த அவமானத்தில்தான் அது இளைத்துவிட்டது" என்று வத்தி வைத்தார்.

"விகடகவியே, நிலா இப்போதே மோதிரத்தை நிறைக்க வேண்டும். இல்லையேல் விடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேறும்!" என்று ராசா ஆணையிட்டார்.

வீட்டில் சாத்தப்பனின் மனைவி நாச்சியார் நிறைமாதக் கர்ப்பிணி. அவளை எந்த ஊருக்கு நடத்திக் கூட்டிப்போவான்? கல்லைப் பார்த்தான், மோதிரத்தைப் பார்த்தான், மாடத்தின் கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் பார்த்தான்.

"ஆகட்டும் பிரபு. ராயரே, மோதிரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, நான் போதும் என்னும்வரை பின்னோக்கியே நடங்கள். பிரபு, கல்லில் நின்றபடியே மோதிரத்துக்குள் பாருங்கள்."

தீவட்டி வெளிச்சத்தில் முதலில் அமைச்சரின் மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு முகம் மோதிரத்தை நிறைத்தது. இன்னும் போனதும் தலையைச் சுற்றி இடைவெளி விழுந்தது.

"ஐயையோ, அமைச்சரின் தலை இளைத்துவிட்டதே! யார் கேலி செய்தது, பிரபு?"

"பிதற்றாதீர்! அவர் தள்ளிப் போயிருக்கிறார், அவ்வளவுதான்."

"நிலாவும் அப்படித்தான், பிரபு. அது நம்மைச் சுற்றும் பாதை ஒரே சீராக இல்லை. தையில் கிட்டே வந்திருந்தது, இப்போது எட்டப் போயிருக்கிறது."

ராசா பதில் சொல்வதற்குள் 'தொபீர்' என்று ஒரு சத்தம். சாத்தப்பன் போதும் என்று சொல்லவே இல்லை; மழவராயர் தொட்டிக்குள் விழுந்துவிட்டார். ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில் கல்லிலிருந்து ஓர் அடி பின்னால் இறங்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், தள்ளி நின்றதில் மோதிரம் சிறுத்துத் தெரிய, நிலா அதை விளிம்புவரை நிறைத்து நின்றது!

"மகாராசா கல்லைவிட்டுப் பின்வாங்கிவிட்டார்! இது செல்லாது!" என்று தொட்டிக்குள்ளிருந்து அலறினார் மழவராயர்.

"சபதத்தில் நிலா நிறைய வேண்டும் என்றுதானே இருக்கிறது ராயரே, கல்லைப் பற்றிப் பேச்சே இல்லையே!" என்றான் சாத்தப்பன்.

"சரியாகச் சொன்னீர்! என் எதிரிகள் எத்தனையோ பேர் முயன்றும் முடியாததை ஒரு விகடகவி செய்துவிட்டான். என்னை ஓர் அடி பின்வாங்க வைத்துவிட்டான்!" என்று மறுபடியும் சிரித்த ராசா, நாச்சியாரின் நிலையைக் கேட்டறிந்து, தம் பல்லக்கையும் அரண்மனை மருத்துவச்சியையும் அவளுக்கு அப்போதே அனுப்பிவைத்துவிட்டு, சாத்தப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து இலை போடச் சொன்னார்.