அறுந்த கம்பியும் ஓர் இளநீரும்

ஊர்க்காரர்களே பங்கு போட்டு நடத்துகிற மின்சாரச் சங்கம் அது. அதில் கனகசபாபதி சூப்பர்வைசர், சூசைமணி லைன்மேன். புயல் அடித்தால் சனங்கள் தேடுவது சூசைமணியைத்தான். இளநீர் வெட்டி நீட்டுவதும் அவனுக்குத்தான். அதைப் பார்க்கிறபோதெல்லாம் சூப்பர்வைசருக்கு வயிறு எரியும்.

அன்று காலை புயல் ஓய்ந்தபோது, சூப்பர்வைசர் வீட்டு வாசலிலேயே கம்பி அறுந்து தொங்கியது. ஊரே கூடிவிட்டது. சூசைமணி வழக்கம்போல எர்த் கம்பியை எடுத்தான். லைனை மண்ணோடு இணைக்காமல் அவன் எந்தக் கம்பத்திலும் கால் வைக்க மாட்டான்.

"பயந்தாங்கொள்ளி! இவனுக்குப் போயா இளநீர் கொடுக்கிறீங்க?" என்று கத்தினார் சூப்பர்வைசர். "ஊர் பூரா கரண்ட் இல்லை. எர்த்தும் வேண்டாம், கையுறையும் வேண்டாம். சும்மா ஏறுடா!"

சூசைமணி அவர் வீட்டுப் பக்கம் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டான்.

"ஏறுறேன் சார். கீழே தொங்குற முனையை மட்டும் நீங்க கையில பிடிச்சுக்குங்க. கரண்ட்தான் இல்லையே."

வீறாப்பாக நீண்ட சூப்பர்வைசரின் கை பாதியில் நின்றது.

"இருடா... வீட்ல ஜெனரேட்டர் ஓடுது. மெயின் ஸ்விட்சை அணைக்கலை. அந்தக் கரண்ட் திரும்பி இந்த லைன்ல வரும்!"

ஊரே அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் ஒரு பெண் சூசைமணியிடம் இளநீரை நீட்டினாள். அவன் அதை வாங்கி சூப்பர்வைசரிடம் கொடுத்தான்.

"இன்னிக்கு இது உங்களுக்குத்தான் சார். மெதுவா குடிங்க, அதுக்குள்ள நான் எர்த்தை மாட்டிடுறேன்."