எறும்பு ஏன் எதிரே வரும் முகத்தைத் தொடுகிறது

எறும்புகளுக்கு வாய்ப்பேச்சு இருந்த காலம் அது. அப்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவில்லை. இரண்டிரண்டாகத்தான் போகும், வரும். சாயங்காலம் புற்று வாசலில் காவல்காரி ஜோடி ஜோடியாகப் பார்த்து உள்ளே அனுப்புவாள். நம்ம ஆள்தான் என்று ஒருத்திக்கு மற்றவள் சாட்சி. தனியாக வருகிறவள் எந்தப் புற்றுத் திருடியோ, யார் கண்டது? அவள் ஓரமாக நிற்க வேண்டும். இன்னொருத்தி தனியாக வந்தால் இருவரையும் சேர்த்து விடுவார்கள். அந்த இருவரும் முன்பின் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சட்டம் அவ்வளவு லட்சணம்.

அப்போது காவலுக்கு இருந்தவள் வேலாத்தா. ஒரு நாள் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இரை தேடப் போனவர்கள் விழுந்தடித்துத் திரும்பினார்கள். கூட்டத்தின் நடுவில் வேலாத்தாவின் தங்கை பூவாத்தா ஒரு நொய்யரிசியோடு தனியாக வந்தாள்.

“எங்கடி உன் ஜோடி?”

பூவாத்தா அரிசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். “ஓணான் புடிச்சிருச்சுக்கா. என் கண்ணு முன்னாலயே.”

“அழுவாத. செத்த ஓரமா நில்லு. இன்னொருத்தி ஒத்தையா வந்தா சேத்து உள்ள விட்டுடறேன்.”

“நான் உன் தங்கச்சிக்கா. இதுக்குமா சாட்சி?”

“உனக்கு மட்டும் வழி விட்டா, நாளைக்கு மத்தவளுங்க என்னைச் சும்மா விடுவாளுங்களா?”

பூவாத்தா ஒதுங்கி நின்றாள். ஜோடிகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஒருத்தியும் ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. எறும்புக்கு ஒரு துளி என்பது நமக்கு ஒரு குடம். வேலாத்தா பயந்துபோனாள். கடைசி ஜோடியை உள்ளே தள்ளிவிட்டு, இன்னும் ஜோடி வருகிறதா என்று வழியைப் பார்த்தாள். வரவில்லை. மண் உருண்டையை இழுத்து வாசலை அடைத்தாள். இரண்டு பேராகவே தேடிப் பழகிய கண்ணுக்கு, ஓரத்தில் நின்ற ஒருத்தி படவே இல்லை. மழை இரைச்சலில் அவள் கூப்பிட்டதும் காதில் விழவில்லை. பாவி, மறந்தே போனாள்.

உள்ளே எல்லாருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. அதனால் யாரும் யாரையும் தேடவில்லை. வேலாத்தாதான் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு, “பூவு, பசிக்குதாடி?” என்று திரும்பினாள்.

அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மற்றவர்கள் மறித்துக்கொண்டார்கள். “இப்பத் தொறந்தா அத்தனை பேரும் முழுகிடுவோம், வேலாத்தா!”

மழை விட்டதும் திறந்தாள். தங்கையைக் காணோம். மண் உருண்டையின் வெளிப்பக்கம் மட்டும் பல்லால் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்திருந்தது.

வேலாத்தா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரலை இழந்தாள். அழுது அழுது கண்ணும் மங்கியது. பிறகு வழியில் எதிர்ப்பட்டவள் முகத்தையெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். பார்த்தும் கேட்காமல் போனவர்களுக்கு வாய் திறக்க வெட்கமாக இருந்தது. அவர்களும் ஜோடியை விட்டுவிட்டு, பேசாமல் அவள் பின்னால் வரிசையாக நடந்தார்கள்.

எறும்புகள் எதிரே வரும் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி முகத்தைத் தொட்டுப் பார்ப்பது அன்று தொடங்கியதுதான். பூவாத்தா இல்லை என்று தெரிந்ததும் விலகி, அடுத்தவளிடம் போகின்றன.