மிளகு படுத்த சேலை

"சாமி, மிளகைத் திரும்பக் கூட்டிட்டு வந்துரட்டுமா?"

உலகம்மாள் வந்ததும் கேட்டது அதுதான். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

சாமி என்று அவள் கூப்பிட்டது பகவதியை. காவிச் சேலை கட்டியிருந்தாலும் பகவதிக்கு வயது உலகம்மாளின் மகள் வடிவைவிடக் குறைச்சல்தான்.

ஆற்றுக்கு இந்தக் கரையில், தென்னைகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. அதுதான் ஆசிரமம். அங்கே பிரசங்கம் கிடையாது. பஜனை கிடையாது. வாசலில் யாராவது பூனைக்குட்டியை விட்டுவிட்டுப் போவார்கள். வேறு யாராவது மனசு சரியில்லை என்று வருவார்கள். பகவதி அதை எடுத்து இவர்கள் கையில் கொடுத்துவிடுவாள்.

உலகம்மாளும் அப்படி வந்தவள்தான்.

வடிவு கல்யாணமாகிக் கனடா போயிருந்த சமயம். மகன் ஏற்கெனவே பெங்களூரில். வீட்டில் விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தில் உட்கார இன்னொரு ஆள் இல்லை.

"ஒரு மந்திரம் சொல்லுங்க சாமி. உட்கார்ந்தா, எந்திரிச்சா அவ நெனப்பாவே இருக்கு" என்று அழுதாள்.

பகவதி ஒரு செருப்பு டப்பாவை நீட்டினாள். உள்ளே இன்னும் கண் திறக்காத குட்டி ஒன்று. அரிசி ஆலைச் சாக்கடையிலிருந்து யாரோ எடுத்து வந்தது.

"இது என்ன சாமி?"

"மந்திரம்."

"எத்தனை தடவை சொல்லணும்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆட்டுப்பால், இளஞ்சூட்டுல. குடிச்சு முடிச்சதும் ஈரப் பஞ்சை வெச்சு அடிவயித்தைத் தடவி விடணும். இல்லேன்னா அதுக்கு ஒண்ணுக்குப் போகத் தெரியாது."

உலகம்மாள் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

போகும்போது பகவதி சொன்னாள்: "வளர்க்கிறது உங்க பாடு. வீடு பார்க்கிறது என் பாடு."

அது அன்றைக்குக் காதில் விழவில்லை.

குட்டி பிழைத்தது. வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டுகள். மிளகு தட்டிப் போட்டது போல இருந்ததால் மிளகு. உலகம்மாளின் பழைய நூல் சேலைதான் அதற்குப் படுக்கை. படுக்கும் முன்னால் சேலையை இரண்டு முன்னங்காலாலும் மாவு பிசைவது போலப் பிசையும். முந்தானை நுனியை வாயில் வைத்துச் சப்பும். சப்பிக்கொண்டே தூங்கிவிடும்.

அப்புறம் ஒருநாள் பகவதி வீடு பார்த்துவிட்டாள். கடையநல்லூரில் மைதீன் பாத்து என்ற அம்மாள். கிணற்றுக்கு வலை போட்டிருக்கிறதா, மாடியில் கம்பி இருக்கிறதா, ஊசி போட யார் கூட்டிப் போவது என்று எல்லாம் கேட்டு, திருப்திப்பட்டுத்தான் பகவதி சரி சொன்னாள்.

அனுப்பும்போது ஆசிரமத்தில் ஒரே ஒரு வழக்கம் உண்டு. பூனை படுத்த துணியும் கூடவே போக வேண்டும். துவைக்காமல் போக வேண்டும்.

மிளகு போய்விட்டது.

இப்போது உலகம்மாள் வாசலில் நிற்கிறாள்.

"ஒண்ணும் சாப்பிடலியாம் சாமி. பீரோவுக்கு அடியில போய் உட்கார்ந்ததுதானாம். வெளிய வரவே இல்லியாம். மைதீன் பாத்து போன்ல அழுதாக. நெத்திலி வெச்சாகளாம், முட்டை வெச்சாகளாம். திரும்பிக்கூடப் பார்க்கலியாம். இப்படியே விட்டா செத்துரும் சாமி. அது என்னைத்தான் தேடுது."

பகவதி பூனைகளுக்கான மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"சந்தோஷமாச் சொல்லுதீக."

உலகம்மாள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

"துணி அனுப்பினீகளா?"

"அனுப்பினேனே! புதுத் துண்டு. கடையில வாங்கி, சோப்புப் போட்டு அலசி, வெயில்ல காயவெச்சு, மூலையில மஞ்சள்கூடத் தடவி..."

"அது படுத்த சேலை?"

"அது கந்தல் சாமி. பூராவும் முடி. பால் வாடை, மூத்திர வாடை. நம்ம வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளைக்கு அதையா குடுத்துவிடுவாக? நம்மளைப் பத்தி என்ன நெனப்பாக?"

சல்லடை மட்டும் பேசியது.

"எம் மக வடிவும் இப்படித்தான் என் மானத்தை வாங்குதா. தீபாவளிக்குப் பட்டு அனுப்பினேன். பொங்கலுக்குப் பட்டு அனுப்பினேன். போன்ல வந்தா, 'அம்மா, உன் பழைய சேலை ஒண்ணு அனுப்பும்மா'ங்கா. எதுக்குடின்னா, போத்திக்கிடவாம். அந்த ஊர்ல கம்பளிக்கா பஞ்சம்? கட்டிக் குடுத்த பிள்ளைக்குத் தாய் வீட்டுல இருந்து பழசு போகலாமா? கிண்டல் பண்ணுதா சாமி. சரி, நீயே வந்து எடுத்துக்கோடின்னா, லீவு இல்லைங்கா."

சல்லடை நின்றது.

பகவதி எழுந்து வந்தாள். உலகம்மாளின் கொண்டையிலிருந்து எதையோ மெல்ல எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

ஒரு முடி. வெள்ளை. நரைமுடி இல்லை. குட்டையாக, நுனியில் மட்டும் கறுப்பாக இருந்தது.

"சேலை எங்க இருக்கு?"

உலகம்மாள் தரையைப் பார்த்தாள்.

"தலையணை மேல" என்றாள் கடைசியில்.

பிறகு, தானாகவே சொன்னாள்: "அதுல முகத்தை வெச்சுப் படுத்தா, அது பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கு சாமி."

பகவதி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. உள்ளே போய் மூடி வைத்த பிரம்புக் கூடை ஒன்றை எடுத்து வந்தாள்.

"போய்க் கூட்டிட்டு வாங்க."

"நெசமாவா சாமி?"

"சேலையையும் எடுத்துட்டுப் போங்க. அதுவா கூடையில ஏறினா கூட்டிட்டு வாங்க. நீங்க பிடிச்சுப் போடக் கூடாது."

"நான் கூப்பிட்டா ஏறிரும்."

"அப்பச் சரி."

தென்காசியில் பஸ் மாறினாள். மடியில் கூடை. கூடைக்கு மேலே மஞ்சள் பையில் சேலை.

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "கோழியா?"

"இல்லம்மா, பூனை."

"உள்ள ஒண்ணையும் காணோமே?"

"இனிமேத்தான் ஏறும்."

அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தாயே, அது என்னோட வந்துரணும். வேற ஒண்ணும் கேக்கலை. வெள்ளிக்கிழமை எண்ணெய் கொண்டாந்து ஊத்துதேன். அது மட்டும் வந்துரணும்.

வந்தால் ராத்திரிக்கு என்ன வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டாள். மத்தி கிடைத்தால் மத்தி.

மைதீன் பாத்து வாசலிலேயே நின்றிருந்தாள். தூக்கம் இல்லாத கண்.

"வாங்கக்கா. உங்களை அலைய வெச்சுட்டேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியலைக்கா."

உள்ளே கூட்டிப் போனாள். பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாய். அதில் ஒரு தலையணை. பாயின் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் நெத்திலி, முள்ளெல்லாம் எடுத்து வைத்தது.

"யார் இங்க படுக்கிறது?"

"நான்தான்க்கா. கட்டில்ல படுத்தா அதுக்குத் தூரமா இருக்கும்ல. புது இடம். பயப்படுமேன்னு."

உலகம்மாள் குனிந்தாள். பீரோவுக்கு அடியில் இருட்டு. இருட்டில் இரண்டு கண்.

"மிளகு."

ஒரு சின்னச் சத்தம் வந்தது. பாதிச் சத்தம்.

கையை உள்ளே நீட்டினாள். ஈரமான மூக்கு விரலில் பட்டது. பிறகு நாக்கு.

"வா செல்லம். வீட்டுக்குப் போவோம். வா."

வரவில்லை.

கூடையைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். மறுபடி கூப்பிட்டாள். கண்கள் கூடையைப் பார்த்தன. அவளைப் பார்த்தன. அசையவில்லை.

உலகம்மாள் மஞ்சள் பையைப் பிரித்தாள். சேலையின் வாடை அறைக்குள் பரவியது. பீரோவுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது.

சேலையைக் கூடைக்குள் போட்டால் மிளகு ஏறிவிடும். அது அவளுக்குத் தெரியும். சேலையை எங்கே போட வேண்டும் என்று சாமி சொல்லவில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

பின்னாலிருந்து மைதீன் பாத்து மெதுவாகக் கேட்டாள்: "கூட்டிட்டுப் போயிருவீகளாக்கா?"

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். கேட்டவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உலகம்மாள் முட்டி போட்டபடியே நகர்ந்தாள். அந்தத் தலையணைக்குப் பக்கத்தில், பாயின் மேல், சேலையை விரித்தாள். சுருக்கம் இல்லாமல் கையால் தடவி விட்டாள். பிறகு கூடையை மூடினாள்.

காலை நீட்டி அங்கேயே உட்கார்ந்தாள்.

முதலில் தலை வந்தது. பிறகு, தரையோடு தரையாக, வயிறு. மிளகு உலகம்மாளின் காலைத் தாண்டியே போனது. காலை ஒரு தரம் மோந்தது. நிற்கவில்லை. சேலைமேல் ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றியது. முன்னங்காலால் பிசைய ஆரம்பித்தது. முந்தானை நுனியைத் தேடி வாயில் வைத்துக்கொண்டது.

குர்ர் என்று சத்தம் கேட்டது.

"யா அல்லா" என்றாள் மைதீன் பாத்து.

"இப்பக் குடுங்க" என்றாள் உலகம்மாள்.

"நானாக்கா?"

"நீங்கதான்."

மைதீன் பாத்து ஒரு நெத்திலியை நீட்டினாள். மிளகு மோந்து பார்த்தது. தின்றது. அடுத்த நெத்திலிக்கு அவள் விரலையே நக்கியது.

உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகு அவள் பக்கம் திரும்பவில்லை.

"டீ குடிச்சுட்டுத்தான் போகணும்க்கா."

"பஸ் போயிரும்மா."

வாசல்வரை வந்த மைதீன் பாத்து ஒரு துண்டை நீட்டினாள். மடிப்புக் கலையாத புதுத் துண்டு. மூலையில் மஞ்சள். "இதைக் கொண்டு போங்கக்கா. இது மேல அது கால்கூட வைக்கலை."

உலகம்மாள் வாங்கிக்கொண்டாள்.

"அந்தச் சேலையைத் துவைச்சிராதீக."

"துவைப்பேனாக்கா! நல்லா சொன்னீக."

ஆசிரமத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பகவதி ஒரு பூனையின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடையைத் தூக்கிப் பார்த்தாள். கனம் இல்லை.

"ஏறலியா?"

"நான் கூடையில விரிக்கலை சாமி."

பகவதி தலையாட்டினாள்.

அதற்கு மேல் உலகம்மாளால் முடியவில்லை. தென்னையடியில் உட்கார்ந்து அழுதாள். "என் காலைத் தாண்டிப் போச்சு சாமி. நின்னு ஒரு பார்வை பார்க்கலை. வளர்த்தவ நான்." கையில் இருந்த புதுத் துண்டில் முகத்தைப் புதைத்தாள்.

அழுகை சட்டென்று நின்றது.

துண்டை எடுத்துப் பார்த்தாள். மறுபடி மோந்து பார்த்தாள். திருப்பி, மறுபக்கமும் மோந்து பார்த்தாள்.

"சோப்பு வாசனைதான் சாமி அடிக்குது."

பகவதி அடுத்த காதைத் துடைக்கப் போய்விட்டாள்.

"விளக்கேத்துத நேரமாச்சு. வீட்டுக்குப் போங்கம்மா."

உலகம்மாள் வீட்டுக்கு வந்து குளித்தாள். மாற்றுச் சேலை கட்டினாள். விளக்கை ஏற்றினாள். கும்பிட நின்றாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் பற்றி அம்மனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஊற்றிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

பிறகு, பஸ்ஸில் போய் வந்த சேலையைத் துவைக்க எடுத்தாள். வாளியில் நுரை பொங்கி நின்றது.

சேலையின் நுனி நுரையைத் தொடப் போனது.

கை அங்கேயே நின்றது.

பிறகு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரக் கையைத் துடைத்து, போனை எடுத்தாள்.

அங்கே காலை நேரம். வடிவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல? உடம்பு நல்லாத்தான இருக்கு?"

"அதெல்லாம் நல்லா இருக்கேன். நீ ஒரு பழைய சேலை கேட்டியே. எதை அனுப்பட்டும்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"வடிவு? லைன்ல இருக்கியாடி?"

"இருக்கேம்மா."

குரல் மாறியிருந்தது.

"இன்னைக்கு நீ எதைக் கட்டியிருந்தியோ, அது."

"அது அழுக்குடி. பஸ்ல கசங்கினது. ஒரே வேர்வை."

"ம்."

"பூனை வாடை வேற. மீன் வாடை."

"ம்."

"துவைச்சு..."

"அம்மா."

உலகம்மாள் வாளியைக் காலால் தள்ளி வைத்தாள்.