துபாஷி சொன்ன பொருள்

முன்னொரு காலத்தில், ஓர் ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை, கடலோரச் சமஸ்தானம் ஒன்றின் அரண்மனைக்குக் கப்பலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஆங்கில எழுத்துகள் பொறித்த மரக்கட்டைகள். அவற்றை அடுக்கிச் சொல் அமைக்க வேண்டும். நீளமான சொல் வைத்தவருக்கு வெற்றி.

மன்னருக்கு எழுத்துகள் தெரியும், மொழி தெரியாது. சபையில் ஆங்கிலம் அறிந்தவர், வெள்ளைக்காரர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அனந்தராயர் ஒருவர்தான். தினமும் அவரே ஜெயித்தார்.

விகடன் சடாட்சரத்துக்கு ஏதோ இடித்தது. 'ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன்' என்று துபாஷி திங்களன்று அடுக்கி, தேரோட்டம் என்று பொருள் சொன்னார். வியாழனன்று அதே சொல்லுக்கு மன்னர் பெருமை என்றார். உண்மையில், ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்குவதற்குப் பெயர் அது. மன்னர் இரண்டுக்கும் தலையாட்டினார். சடாட்சரம் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

துபாஷிக்கு முகம் கறுத்தது.

"மகாராஜா, இவன் நாளைக்கு ஒரு சொல் வைக்கட்டும். பொய்ச் சொல்லானால் ஊரைவிட்டுப் போகட்டும்."

"மெய்ச் சொல்லாகி, உமக்குப் பொருள் தெரியாவிட்டால்?" என்று கேட்டார் மன்னர்.

"நான் போகிறேன்."

அன்று மாலை சடாட்சரம், துபாஷியின் கண்ணில் படும்படி ஊருக்கு வெளியே தங்கியிருந்த வெள்ளைக்காரத் துரையின் முகாம்வரை நடந்து, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினான்.

மறுநாள் நீளமாகக் கட்டைகளை அடுக்கினான்.

"யார் கொடுத்த சொல்லடா இது?" என்றார் துபாஷி.

"பெரிய ஆங்கிலப் பண்டிதர் ஒருவர் வாயில் வந்தது, ஐயா."

துரையேதான் என்று துபாஷி நினைத்தார். பொய்யென்றால் துரைக்கு அவமரியாதை. தெரியாதென்றால் ஊரைவிட்டுப் போக வேண்டும். தொண்டையைக் கனைத்தார்.

"வேய்ல்வேன்தேத்தூ! மெய்யான சொல், மகாராஜா. செங்கோலின் சிறப்பு என்று பொருள்."

"மகாராஜா, நம் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் வாசிப்பீர்களே, அதே மாதிரி வாசியுங்கள்" என்றான் சடாட்சரம்.

மன்னர் விரல் வைத்துக் கூட்டினார். "வி, ஏ... வா. ஒய், ஐ, எல்... யில். வா...யில்... வந்...த...து."

மன்னர் நிமிர்ந்து சடாட்சரத்தைப் பார்த்தார்.

"தமிழையா அடுக்கினாய்? அப்படியானால் இது பொய்ச் சொல்தானே? போக வேண்டியவன் நீயல்லவா?"

"மெய் என்று தீர்ப்புச் சொன்னவர் துபாஷி, மகாராஜா. பொருள்தான் தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னார். வாயில் வந்தது என்று நான் முதலிலேயே சொன்னேன். அந்தப் பண்டிதரும் அவரேதான்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கட்டைகள் சரிந்தன. சடாட்சரத்துக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. துபாஷி பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போனார். அடுத்த துபாஷி வரும்வரை அந்தச் சமஸ்தானத்தில் யாரும் ஆங்கிலம் பேசவில்லை.