கூட வந்தவர்கள் சொன்னது

மலையடிவாரத்துத் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு குருவும் ஒரு சீடனும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடனுக்கு முப்பத்தைந்து. குரு சீடனை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள்.

குரு, டாக்டர் ஜீனத். சீடன், அங்கே நர்ஸாக வேலை பார்த்த சுடலைமணி. அவர்களை யாரும் அப்படி நியமிக்கவில்லை. மாலை ரவுண்டில் ஜீனத் ஒவ்வொரு கட்டிலாக நின்று, இது ஏன், அது எதனால் என்று வாய்விட்டு யோசிப்பாள். பின்னால் ஊசித் தட்டோடு நின்றவன் ஒருநாள் பதில் சொன்னான். அப்புறம் கேள்வியும் கேட்டான். அப்படி ஆரம்பித்தது.

“தங்கச்சி வாத்தியாரு, அண்ணன் மாணாக்கன். பள்ளிக்கூடம் உருப்பட்ட மாதிரிதான்” என்பார் கேண்டீன் ராயப்பன். சுடலைமணிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு வந்ததும் அந்த ரவுண்டில்தான். சொன்னபோது வீட்டில் சிரித்தார்கள். நுழைவுத் தேர்வு எழுதினான், போயிற்று. மறுபடி எழுதினான், கிடைத்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் யோசனை சொன்னார்கள். சிரித்ததே தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதல் வருடத்திலிருந்து உட்கார்ந்து, ஐந்தரை வருடம் படிக்க வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கென்றே வைத்திருக்கும் நாலு வருடப் படிப்பு. முடித்துத் திரும்பிய பிறகு இங்கே இன்னொரு தேர்வு எழுதித் தேற வேண்டும். செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாமனார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நாளைக் காலைக்குள் ஒன்றை எடுத்து ஒன்றை விட வேண்டும். விட்டது திரும்ப வராது.

அன்று ரவுண்டுக்கு முன்னால் அவன் ஜீனத்திடம் போய் நின்றான்.

“டாக்டர், நான் எந்த வழியில போகட்டும்?”

ஜீனத் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “ஏழாம் கட்டில்ல புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க. என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாங்கண்ணே. பெறவு பேசுவோம்.”

சுடலைமணிக்குச் சுருக்கென்றது. தலைபோகிற விஷயத்தைக் கேட்டால் இவள் கட்டில் நம்பரைச் சொல்கிறாள். ஆனாலும் போனான்.

ஏழாம் கட்டிலில் இருந்தவள் பெயர் பேச்சியம்மாள். பீடி சுற்றுகிறவள். ஐம்பதைத் தொடுகிற வயது. வேறு யாருக்கோ போட்ட கட்டிலில் சற்று நேரம் இடம் கேட்டு உட்கார்ந்தவளைப் போல ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாத்தனார், மகன், மகனுடைய மாமியார். நம் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் மூன்று பேர் கூட வருவார்கள். ஒருவரைப் பார்த்துக் கேள்வி கேட்டால் மூன்று திசையிலிருந்தும் பதில் வரும். சுடலைமணிக்கு அது பழகிப்போன ஒன்று.

“என்னம்மா செய்யுது?”

“வயித்து வலி” என்றாள் நாத்தனார். “ஒரு மாசமாட்டு இருக்கு. தின்ன உடனே வலிக்குங்கா. அதான் தின்னவே மாட்டேங்கா.”

“வாய்வா இருக்கும் சார்” என்றான் மகன். “கடையில மாத்திரை வாங்கிக் குடுத்தேன். கேக்கலை.”

“ஒறக்கமெல்லாம் எப்படி?”

“அதுக்கென்ன, மதினி படுத்தா நாமதான் எழுப்பணும்” என்றாள் மகனுடைய மாமியார்.

பேச்சியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். சுடலைமணி திரும்பி வந்து, தடங்கல் இல்லாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தான். இந்த வேலையில் அவன் கெட்டிக்காரன் என்று பெயர்.

“மெலிஞ்சிருக்காங்களா?” என்று கேட்டாள் ஜீனத்.

“ஆமா டாக்டர். ரவிக்கை தொளதொளன்னு இருக்கு.”

“வலி எந்த எடத்துல?”

“மேல் வயித்துல.”

“காட்டுனாங்களா?”

“நாத்தனார் காட்டுனாங்க.”

“யார் வயித்துல?”

சுடலைமணிக்கு அப்போதுதான் உறைத்தது. நாத்தனார் தன் வயிற்றில்தான் கையை வைத்துக் காட்டியிருந்தாள்.

ஜீனத் கடிந்துகொள்ளவில்லை. “கூட வந்தவங்களைப் போயி டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க. பெறவு ஒருக்கா கேளுங்க” என்றாள்.

மூன்று பேரையும் கிளப்புவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. “அவளுக்குச் சொல்லத் தெரியாது சார்” என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள் நாத்தனார். சுடலைமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“இப்ப சொல்லுங்கம்மா.”

“அதான் சொன்னாகளே.”

“நீங்க சொல்லலையே.”

பேச்சியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அடுத்த கேள்வி அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான்.

“சோறு எறங்க மாட்டேங்கு” என்றாள் அவள். ஒரு விரலைத் தொண்டைக்குக் கீழே நடு நெஞ்சில் வைத்தாள். “இங்ஙன வந்து நின்னுக்கிடுது. கஞ்சின்னா போவுது.”

“வயித்து வலி?”

“வலியே கெடையாது.”

“அப்ப ஏம்மா அவங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனீங்க?”

“வயித்து வலின்னா மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பிருவீக. இது எங்கம்மைக்கு வந்தது. அவ வீடு திரும்பலை.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆளாளுக்கு வயிறு வயிறுன்னு சொல்லச் சொல்ல, வெறும் வயித்து வலிதானோன்னு எனக்கும் ஒரு ஆறுதலா இருந்துச்சு.”

இந்தத் தடவை சுடலைமணி ஒப்பிக்கவில்லை. மெதுவாகச் சொன்னான். ஜீனத் எழுந்து போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், நெடுநேரம் பேசினாள். மறுநாள் டவுனுக்கு அழைத்துப் போய் உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

“என்னவா இருந்தாலும் பாத்துருவோம்மா. பாக்காம பயந்துக்கிட்டு இருக்கதுதான் பெரிய பாடு. நானும் கூட வாரேன்” என்று அவள் சொன்னது சுடலைமணியின் காதில் விழுந்தது.

ரவுண்டு முடிந்து கை கழுவுகிற இடத்துக்கு வந்தபோது ஜீனத்தே ஆரம்பித்தாள்.

“இப்ப உங்க விஷயத்தைச் சொல்லுங்கண்ணே.”

அவன் காத்துக்கொண்டிருந்தவன் போலத் தொடங்கினான்.

“மாமனார் வெளிநாட்டுக்குத்தான் போகணும்னு சொல்லுதாரு. வருசம் மிச்சமாகும், நாப்பது வயசுல டாக்டரா வந்து உக்காந்துரலாம்னு அவர் கணக்கு. எம் பொண்டாட்டி கனி முடியாதுங்கா. புள்ளை இப்பதான் ஸ்கூலுக்குப் போகுது, வீட்டுல இருந்தே படிங்கா. மச்சினன் என்ன சொல்லுதான்னா, அங்க படிச்சவன் இங்க வந்து பரீட்சையில சறுக்குவான், அதனால அது வேண்டாம்கான். கோச்சிங் சார் இருக்காரே, அவரு…”

ஜீனத் துண்டில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணே.”

“சொல்லுங்க டாக்டர்.”

“அவங்களுக்கும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவோமா?”

சுடலைமணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. மாமனார் போனார், கனி போனாள், மச்சினன் போனான். கோச்சிங் சாரும் போனார். மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். ஜீனத் அவசரப்படுத்தவில்லை. யாரோ வந்து குழாயைத் திறந்து கை கழுவிவிட்டுப் போனார்கள்.

“எனக்கு வெளிநாட்டுக்குத்தான் போகணும்னு இருக்கு” என்றான் கடைசியில்.

“சரி.”

“வருசம் மிச்சங்கிறதுக்காக இல்ல.”

“ம்.”

“இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும் டாக்டர். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவுல இந்த வயசுல போயி உக்காந்து, மொத வருசமே பெயிலாயிட்டேன்னு வைங்க, எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல அதுதான் பேச்சா இருக்கும். மாமனார் மூஞ்சியில முழிக்க முடியாது. உங்க மூஞ்சியிலயும் முழிக்க முடியாது.” சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினான். “அங்க அப்படி இல்ல. அங்க தோத்தா ஒருத்தருக்கும் தெரியாது.”

சொன்ன பிறகுதான் அது இத்தனை நாளும் தனக்குள் இருந்தது அவனுக்குத் தெரிந்தது. அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஜீனத் சிரிக்கவில்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, அவனுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“தோக்குறதுக்கு நல்ல எடம் அதுதான்ணே” என்றாள். “படிக்கிறதுக்கு எது?”