சிங்காரிக்கு வெட்டின குட்டை

ஒரு ஊர்ல ஒரு எருமை இருந்துச்சாம். அது பேரு சிங்காரி. பேரு வெச்சது அத வளத்த பூவாத்தா. காலைல எந்திரிச்சா புருசன் மூஞ்சில முழிக்க மாட்டா, நேரா கட்டுத்தறிக்குப் போயி சிங்காரி மூஞ்சிலதான் முழிப்பா. புருசன் நாச்சிமுத்துக்கு அதுல கொஞ்சம் வருத்தந்தான். ஆனா வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. சொன்னா காப்பி கெடைக்காதே. ம் கொட்டு கண்ணு. நீ ம் கொட்டலீன்னா நான் யாருக்குச் சொல்றது, செவுத்துக்கா?

"ம்."

ஆங். இந்தச் சிங்காரிக்கு தெனமும் மத்தியானம் தண்ணில விழுந்து கெடக்கணும். மூக்கும் கொம்பும் மட்டுந்தான் வெளிய தெரியும். அப்புறம் எந்திரிச்சு வந்து சாயங்காலம் பால் குடுக்கும் பாரு, சொம்புல நுரை தள்ளும். அதுக்குன்னு ஒரு ஊர்க்குட்டை இருந்துச்சு. அப்புறம் என்னாச்சு, பெரிய மனுசங்க எல்லாம் கூடிப் பேசி, குட்டைய மூடி பஸ் ஸ்டாண்டு கட்டிப்போட்டாங்க. பஸ் வந்துச்சான்னு கேக்காத. பஸ்ஸும் வர்ல, குட்டையும் போச்சு.

அப்போ நல்ல கோடை. சிங்காரிக்கு ஒடம்பெல்லாம் காந்துது. தீனி எடுக்கல. பாலு சுண்டிப் போச்சு. நாச்சிமுத்து பாத்தாரு, ஆடி பொறக்கறதுக்குள்ள பால் எறங்கலீன்னா சந்தைக்கு ஓட்டிப்போடலாம்னு சொல்லிப்போட்டாரு. சந்தைக்குப் போற கறவை வத்துன எருமை எங்க போகும்னு பூவாத்தாளுக்குத் தெரியாதா? அன்னைக்கு அவ சோறே திங்கல. எருமை கழுத்தக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் மூக்கச் சிந்திப்போட்டு எந்திரிச்சு, நம்ம தோட்டத்துலயே நாமளே ஒரு குட்டை வெட்டிக்கலாம்னு சொல்லிட்டா.

சரி, எங்க வெட்டறது? சோசியரக் கூட்டியாந்தாங்க. அவரு வெத்தலையப் போட்டுக்கிட்டு தோட்டத்த ஒரு சுத்து சுத்துனாரு. தண்ணின்னா ஈசானி மூலையிலதான் இருக்கணுமாம், அதாவது வடகெழக்கு. எதுத்தாப்பல தென்மேக்கு இருக்குதே, கன்னி மூலை, அங்க பள்ளமே ஆகாதாம். பள்ளம் இருந்தா குடும்பம் நொடிச்சுப் போயிருமாம். ஆனா கேளு கண்ணு, பூவாத்தா தோட்டத்துல ஈசானி மூலைதான் மேடு, முச்சூடும் சரளைக்கல்லு. கன்னி மூலைதான் தாழ்வு, நல்ல களிமண்ணு. பேயற மழையெல்லாம் அங்கதான் ஓடும். தண்ணிக்குச் சாஸ்திரமா தெரியும்? தோட்டத்துக்குள்ள வண்டி வர்ற வழியும் அந்தப் பக்கந்தான். அத ஞாபகம் வெச்சுக்கோ.

"ம்."

மொதல்ல ஜேசிபிக்காரர் வந்தாரு. கர்ர்ர்ர்னு வந்தாரு, கரக் மொரக்னு மேட்டத் தோண்டுனாரு. எவ்வளவு ஆழம் வேணும்னு அவரு கேக்கல, இவளும் சொல்லல. போதும் போதும்னு இவ கத்துறது மிசினு சத்தத்துல அவருக்குக் கேக்குமா? நின்னு பாத்தா குட்டை இல்ல, கெணறு. அப்புறம் நிரவி, ஒரு பக்கம் சரிவு எடுத்து, மோட்டாரப் போட்டு ராவெல்லாம் தண்ணி விட்டாங்க. காலைல போயிப் பாத்தா ஒரு சொட்டு இல்ல. சரளைக்கல்லு மொடக் மொடக்னு அத்தனையும் குடிச்சுப்போட்டுது. குடிச்ச தண்ணி எங்க போச்சு? கீழ கன்னி மூலையில போயி சொதசொதன்னு ஊறி நின்னுச்சு. வெளிய போன ஜேசிபி அந்தச் சேத்துல மாட்டிக்கிட்டு உர்ர்ர், உர்ர்ர்னு கெடந்து, ஒரு பெரிய குழியப் பறிச்சுப்போட்டுத்தான் போச்சு. ஐயையோ, கன்னி மூலையில பள்ளமான்னு நாச்சிமுத்து மண்வெட்டியத் தூக்கிட்டு ஓடுனாரு. சிங்காரி அந்தச் சேத்தப் பாத்து கவுத்த இழுத்துச்சு. "அக்கட்டப் போ, அது ஆகாத மூலை"ன்னு பூவாத்தா இழுத்துக் கட்டிப்போட்டா.

அப்புறம் ரெண்டாவதா டைல்ஸ்காரர் வந்தாரு. அவரு டெம்போவும் கன்னி மூலைச் சேத்துல மாட்டி, நாச்சிமுத்து மூடுன குழிய மறுபடியும் பறிச்சுப்போட்டுது. ஒழுகுதுன்னா சிமெண்டு போடோணும்னாரு. சிமெண்டு போடறதே போடறோம், டைல்ஸும் ஒட்டிப்போடலாம்னாரு. இங்கதான் பூவாத்தாளுக்குப் புத்தி கொஞ்சம் கோணிருச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரி வேற எட்டி எட்டிப் பாக்கறா. சரி, தாமரைப் பூப் போட்ட டைல்ஸா ஒட்டுங்கன்னுட்டா. படி வேணும்னா. படிக்குப் பளபளன்னு கைப்பிடி வேணும்னா. ஏண்டி, எருமை கைப்பிடி புடிச்சுக்கிட்டா எறங்கும்? யாரு கேக்கறது?

கட்டி முடிச்சாச்சு, தண்ணி நெறச்சாச்சு, சூடம் காமிச்சாச்சு. சிங்காரி மொதப் படில கால் வெச்சுது. சர்ர்ர்ர்! அவ்வளவு பெரிய எருமை, சின்னப் புள்ளையாட்டம் உக்காந்துக்கிட்டே கடைசிப் படி வரைக்கும் வழுக்கிட்டுப் போயி தொபுக்னு விழுந்துச்சு. நாலு பேரு புடிச்சு ஏத்தறதுக்குள்ள நாக்குத் தள்ளிருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நாச்சிமுத்தோட பெரியண்ணன் பாத்தாரு, தண்ணி வீணாப் போகுதேன்னு சோப்பு, துண்டு எல்லாம் எடுத்துட்டு வந்து எறங்கிட்டாரு. தெனமும் ஒரு மணி நேரம். எருமைக்குக் கட்டுன குட்டையில மச்சாண்டாரு குளிக்கறாரு, எருமை வெயில்ல நிக்குது. பூவாத்தாளுக்கு அழுகையா வந்துச்சு. யாருக்குக் கட்ட ஆரம்பிச்சேன், யாருக்குக் கட்டி முடிச்சேன்னு தலையில அடிச்சுக்கிட்டா. மச்சாண்டாருகிட்ட மொகத்துக்கு நேரா பேசக் கூடாதில்ல, அதனால அவரு தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ண மூடியிருந்தப்போ சத்தமில்லாம தண்ணி போற ஓட்டையோட அடைப்பப் புடுங்கி விட்டுட்டா. குபுகுபுகுபுன்னு தண்ணி முச்சூடும் கன்னி மூலைக்கு ஓடிப் போச்சு. சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும்.

"ம்... அப்புறம்?"

மூணாவதா ஷீட்டுக்காரர் வந்தாரு. டைல்ஸெல்லாம் பேத்தெடுத்துட்டு, பள்ளத்துல பாய் விரிக்கறாப்பல நீலக் கலர்ல பிளாஸ்டிக் ஷீட்டு விரிச்சாரு. அவரோட லாரியும் கன்னி மூலையில பொதக்னு மாட்டுச்சு, சக்கரம் சுத்திச் சுத்திக் களிமண்ண வெண்ணெயாட்டம் மசிச்சுது. நாச்சிமுத்து மண்ணள்ளிப் போட்டுப் போட்டு, முடியாம இடுப்பப் புடிச்சுக்கிட்டு குழிய அப்படியே விட்டுட்டாரு. ஆனா ஒண்ணு, ஷீட்டுல தண்ணி நின்னுச்சு கண்ணு. நெசமாவே நின்னுச்சு. ஆடி பொறக்க ஒரு நாள்தான் பாக்கி. நாளைக்கு வந்து எருமைய ஓட்டிட்டுப் போறேன்னு மாட்டு யாவாரி சொல்லியாச்சு.

அன்னைக்கு மத்தியானம் சிங்காரிய எறக்கி விட்டா. அது மெதுவா எறங்குச்சு. படுத்துச்சு. கண்ண மூடுச்சு. பூவாத்தா சாமி சாமின்னு கும்பிட்டா. அப்புறம் எருமை எதுக்குத் தண்ணில படுக்கும்? பொரளறதுக்குத்தான? பொரண்டுச்சு. கொம்பு மாட்டி டர்ர்ர்ர்னு ஷீட்டு கிழிஞ்சுது. கீழ ஒடஞ்ச சிமெண்டு, அதுக்குக் கீழ சரளைக்கல்லு. பொழுது சாயறதுக்குள்ள தண்ணி போயிருச்சு. சிங்காரிக்கு வந்துது பாரு கோவம். எந்திரிச்சு, கவுத்த அத்துக்கிட்டு, கொம்புல மாட்டுன நீல ஷீட்டோட ஓடுச்சு. புதுப்பொண்ணு சேலைத் தலப்பு இழுபட ஓடறாப்பல தடதடன்னு பள்ளத்தப் பாத்து ஓடுச்சு. பின்னால பூவாத்தா, அவ பின்னால நாச்சிமுத்து, அவரு பின்னால காசுக்கு நின்னுக்கிட்டிருந்த ஷீட்டுக்காரர், ஐயோ என்ற ஷீட்டு, என்ற ஷீட்டுன்னு கத்திக்கிட்டே.

பொதக்.

கன்னி மூலையில, மூணு பேரு வண்டியும் பறிச்ச குழியில, மூணு தடவ ஊத்துன தண்ணியும் வந்து நெறஞ்சு நிக்குது. ஒரு சொட்டு எறங்கல. சிங்காரி உள்ள எறங்கிப் படுத்துருச்சு. மூக்கும் கொம்பும் மட்டுந்தான் வெளிய தெரியுது. ஹ்ஹூம்முனு ஒரு பெருமூச்சு விட்டுச்சு.

மறுநாள் யாவாரி கவுத்தோட வந்துட்டாரு. நாச்சிமுத்து கரையில நின்னு கையப் பெசையறாரு. எருமைய ஏத்தி விட்டுட்டு இந்தப் பள்ளத்த மூடிப்போடலாம், கன்னி மூலை, குடும்பத்துக்கு ஆகாதுன்னாரு. பூவாத்தாளுக்கும் பயந்தான். நாப்பது வருசமா கேட்டு வளந்த சாஸ்திரம், ஒரு நாள்ல விட்டுப் போகுமா? அவ சிங்காரியப் பாத்தா. எத்தன நாளா இந்த மூலைக்குத்தான் கவுத்த இழுத்துச்சு, நாந்தான் அடிச்சு அடிச்சு இழுத்துட்டுப் போனேன்னு நெனச்சா. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு அவளும் சேத்துல எறங்கி, எருமை பக்கத்துல இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டா.

"ஏனுங்க, இதுவும் நம்ம குடும்பந்தானுங்க. இதுக்கு ஆகுது."

நாச்சிமுத்து வீட்டுக்குள்ள போயி மோரு எடுத்துட்டு வந்து யாவாரிகிட்ட நீட்டுனாரு. யாவாரி கவுத்தச் சுருட்டிக்கிட்டு, ஒரு டம்ளர் மோரு குடிச்சுப்போட்டுப் போயிட்டாரு.

நாலஞ்சு நாள் கழிச்சு சாயங்காலம் பூவாத்தா சொம்ப வெச்சுக்கிட்டு உக்காந்தா. சர்ர். சர்ர். சர்ர் சர்ர். நுரை தள்ளுச்சு. விசயம் கேள்விப்பட்டு அந்த மூணு பேரும் வந்து நின்னு, குழி பறிச்சது என்ற வண்டிதான், இல்ல இல்ல என்ற வண்டிதான்னு சண்டை கட்டுனாங்க. சோசியரும் வந்தாரு. குட்டையப் பாத்தாரு, எருமையப் பாத்தாரு, கையில குடுத்த பால் காப்பியையும் பாத்தாரு. அப்புறம் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, எருமை தல வெச்சிருக்கறது ஈசானியப் பாத்துத்தான், அதனால தோசமில்லேன்னுட்டு காப்பியக் குடிச்சாரு.

ம் கொட்டு கண்ணு. கண்ணு? அட, அதுக்குள்ளயா? சரி சரி. சிங்காரியும் சேத்துல கண்ண மூடிருச்சு, கதையும் குட்டையில முழுகிருச்சு, நீயும் தூங்கு.