நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம்

"பாதியாக் குறைக்கணும், டீச்சர். இல்லேன்னா நான் இனிமே வரல."

தனுஷ்கோடி வந்து நின்ற வேகத்தில் மேஜை ஆடியது.

"எதைக் குறைக்கணும்?" என்றார் மாரீஸ்வரி.

"இவனோட நெருப்பு மழையை."

ஜெயசீலன் சிரித்தான்.

சிவகாசியில் ஓர் அச்சகம். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. மதியம் காகிதம் வெட்டும் மேஜையில் நாலு பேர் கூடுவார்கள்.

காகிதமும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். எதிரிகளெல்லாம் அவர் கையில். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுப்பார்கள். தனுஷ்கோடி வாள்வீரன். ஜெயசீலன் மந்திரவாதி. ரூத் வைத்தியச்சி. அடி விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். எது முறை, எது முறையில்லை என்பதைப் புத்தகம் சொல்லும்.

நடத்துகிறவர் மாரீஸ்வரி. அந்த அச்சகத்தில்தான் வேலை. புத்தகமும் அவர் எழுதி, அவரே மடித்து, அவரே தைத்தது. ஆளுக்கொரு பிரதி. எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் டீச்சர். தனுஷ்கோடி அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அவனுக்கும் டீச்சர்தான்.

இந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவனுடைய வேஷம் செத்தால், அதன் கணக்கு எழுதிய தாளை அவனே கையால் கிழிக்க வேண்டும். திரும்ப எழுத முடியாது.

மூன்று வருஷமாக யாரும் கிழிக்கவில்லை.

தனுஷ்கோடி சட்டைப் பையிலிருந்து ஐந்து தாள் எடுத்துப் போட்டான்.

"மனு. படிங்க."

"நீங்களே படிங்க."

படித்தான். குரலில் கோபம்.

"போன பன்னிரண்டு ஞாயிறு. மந்திரவாதி கொன்னது நூத்தி நாப்பது. வாள்வீரன் கொன்னது ஒம்பது."

"எட்டு, அண்ணாச்சி," என்றான் ஜெயசீலன். "அந்த ஓநாய் தானா கிணத்துல விழுந்துச்சு."

"நான் ஒண்ணுகூடக் கொல்லல," என்றாள் ரூத். "நான் யார்கிட்ட மனு குடுக்க?"

"சிரிங்க. நல்லாச் சிரிங்க." தனுஷ்கோடி டீச்சர் பக்கம் திரும்பினான். "வாள் முனை மழுங்குது. நாப்பத்திரண்டாம் பக்கம். கேடயம் உடையுது. அம்பத்தேழு. வில்லு நாண் அறுந்துபோகுது. எழுபத்தொம்பது. இவன் மந்திரத்துக்கு என்ன குறை? மூணு வருஷத்துல ஒரு தடவை பிசகியிருக்கா?"

"இல்லை."

"ஒரே ஒரு தடவை?"

"இல்லை."

"நியாயமா இது? நான் புத்தகம் முழுக்கத் தேடிட்டேன். எனக்கு அத்தனை பக்கமும் மனப்பாடம்."

"அத்தனை பக்கமுமா?"

"எதை வேணும்னாலும் கேளுங்க."

டீச்சர் கேட்கவில்லை.

ஜெயசீலன் சோம்பல் முறித்தான். "எதுக்கு அண்ணாச்சி இந்தக் கோபம்? நீங்க எப்பவும்போலச் சும்மா நில்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"கேட்டீங்களா டீச்சர்? சும்மா நிக்கேனாம்!"

டீச்சர் புத்தகத்தை மேஜையில் அறைந்தார். பகடைகள் துள்ளின.

"மூணு வாரமா இதே புலம்பல். சலிச்சுப்போச்சு. மந்திரத்தைக் குறைக்க மாட்டேன். இன்னைக்கு நீங்க எங்க வேணும்னாலும் நில்லுங்க. நிக்காட்டியும் போங்க."

"அப்ப நிக்கல."

"சரி."

தனுஷ்கோடி இதை எதிர்பார்க்கவில்லை.

மேஜையில் விரித்திருந்த சார்ட் பேப்பரில் கோட்டை வரைந்திருந்தது. வாசலில் ஏழு தீக்குச்சி. ஏழும் வில்லாளிகள். சோடா மூடி மந்திரவாதி. பொத்தான் வைத்தியச்சி. இரும்பு நட்டு வாள்வீரன்.

நட்டை எடுத்தான். எப்போதும் வைக்கும் இடத்தில், சோடா மூடிக்கு முன்னால், வைக்கவில்லை. தள்ளி, ஒரு கிணற்றோரத்தில் வைத்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"பூராத்தையும் அவனே கொல்லட்டும்."

"அதுதானே நடக்கப்போகுது," என்றான் ஜெயசீலன். "நெருப்பு மழை. சொல்ல ஆரம்பிக்கிறேன்."

மந்திரம் சொன்னவுடன் பலிக்காது. இந்த முறை சொன்னால் அடுத்த முறை பெய்யும். இடையில் எதிரிகளின் நேரம். முதல் அம்புக்குப் பிறகு மற்றவர்களில் ஒருவர் நகரலாம்.

டீச்சர் பகடையை எடுத்தார். முதல் தீக்குச்சியைத் தொட்டார். உருட்டினார்.

"அம்பு பட்டுது. ஏழு."

தனுஷ்கோடியின் கை ரப்பரைத் தேடிப் போனது. பழக்கம். நகத்தளவு தேய்ந்த ரப்பர். அவன் தாளில் உயிர்க் கணக்கு எழுதும் கட்டம் அழித்து அழித்துப் பாதித் தாளாக இளைத்திருந்தது.

"உங்களுக்கு இல்லை," என்றார் டீச்சர்.

கை அப்படியே நின்றது.

"ஜெயசீலனுக்கு."

"எனக்கா?"

"உனக்குத்தான். பதினொண்ணுல ஏழு போனா நாலு. எழுது."

ஜெயசீலன் தன் தாளைப் பார்த்தான். பதினொன்று என்பதைப் பேனாவால் எழுதியிருந்தான். மூன்று வருஷத்து மை.

"ரப்பர் இருக்கா யார்கிட்டயாவது?"

"பேனா எழுத்துக்கு ரப்பர் என்ன செய்யும்?" என்றாள் ரூத்.

அடித்துவிட்டு நாலு என்று எழுதினான். எழுத்து கோணியது.

"சரி டீச்சர். பரவால்ல. அடுத்த முறை மழை பெய்யும்ல?"

"நூத்தி நாப்பத்தெட்டாம் பக்கம்," என்றார் டீச்சர்.

ஜெயசீலன் புரட்டினான். "நூத்தி நாப்பத்தேழு இருக்கு. அப்புறம் நூத்தியம்பது. நடுவுல இல்லையே."

"அண்ணாச்சி, உங்க புத்தகம். மனப்பாடம்னீங்களே," என்றார் டீச்சர்.

தனுஷ்கோடி திறந்தான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. ஓரமெல்லாம் குறிப்பு. நூற்று நாற்பத்தேழு. அதற்கடுத்து நூற்றைம்பது.

விரலால் தடவினான். அந்தத் தாள் மட்டும் தடியாக இருந்தது. இரண்டு தாள். வெளியோரத்து மடிப்பு வெட்டுப்படாமல் சேர்ந்தே நின்றது.

"பக்க நம்பர்தான் பிழைன்னு நினைச்சேன்," என்றான். சத்தம் குறைந்திருந்தது.

டீச்சர் ஸ்டீல் ஸ்கேலைத் தள்ளிவிட்டார்.

மடிப்புக்குள் ஸ்கேலை விட்டு இழுத்தான். தாள் பிரிந்தது. உள்ளே வெள்ளைவெளேர் என்று இருந்தது. ஒரு கைரேகை இல்லை.

"சத்தமாப் படிங்க."

"மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடிபட்டால், மந்திரம் சிதறும். சொன்னவன் நூறு எண் உள்ள பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணே அவன் தண்டனை. ஒன்று. நாக்கு சாம்பலாகும். இரண்டு. நெருப்பு சொன்னவன் தலையிலேயே பெய்யும். மூன்று. கண்..."

நிறுத்தினான். கண்ணால் மட்டும் கீழே ஓட்டினான். நூறு வரி. இரண்டு பக்கம். நல்லதாக ஒரு வரி இல்லை.

"குறை கேட்டீங்களே," என்றாள் ரூத். "நூறு இருக்கு."

"இதை நாம ஏன் டீச்சர் இத்தனை நாளா..."

தனுஷ்கோடி பாதியில் நிறுத்தி, தன் தாளில் இளைத்துப்போன கட்டத்தைத் தடவினான்.

டீச்சர் அவனைப் பார்க்கவில்லை. "உருட்டு," என்றார் ஜெயசீலனிடம்.

உருட்டினான். முப்பத்தெட்டு.

தனுஷ்கோடிதான் படித்தான். "தொண்டை அடைக்கும். மந்திரத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லி முடிக்குமுன் இன்னோர் அடி பட்டால், உயிர் போகும்."

வாசலில் ஆறு தீக்குச்சி இன்னும் எய்யாமல் நின்றன.

ஜெயசீலன் தன் தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மூன்று வருஷம். கிழிப்பதற்குப் பிடித்தமாதிரியும் இருந்தது, கிழிபடாமல் காப்பதற்குப் பிடித்தமாதிரியும் இருந்தது. சும்மா நில்லுங்க என்று அவன் சொல்லவில்லை.

"உங்க முறை, அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

தனுஷ்கோடி மனுவைப் பார்த்தான். இரும்பு நட்டைப் பார்த்தான். கிணற்றோரத்திலிருந்து சோடா மூடிவரை விரலால் எண்ணினான். எண்ணும்போதே பல்லைக் கடித்தான்.

"ஒம்பது கட்டம்."

"வாள்வீரன் ஆறு கட்டம்தான் ஓட முடியும்," என்றார் டீச்சர்.

"தெரியும். அம்பத்தெட்டாம் பக்கம். கேடயத்தைக் கீழ போட்டா ஒம்பது."

"கேடயம் இல்லாம ஆறு அம்பு, அண்ணாச்சி."

"எண்ணத் தெரியும் எனக்கு!"

நட்டை எடுத்தான். சோடா மூடிக்கு முன்னால் டக்கென்று வைத்தான்.

"அண்ணாச்சி..." என்றான் ஜெயசீலன்.

"வாயை மூடுலே. மந்திரத்தை முதல்லேருந்து சொல்லு."

ரப்பரை எடுத்துத் தன் தாளின் மேல் வைத்தான்.

"எய்யுங்க, டீச்சர்."